ஒருத்தனுக்குச் சோறு போட அத்தாட்சி

திரினிடாட் நபுத்தி என்று முழுப்பெயர் சொல்லி விசாரித்தால் அந்த ஊரில் யாருக்கும் ஆளைத் தெரியாது. திரினி என்றால் தெரியும். அமெரிக்காவுக்குச் சொந்தமான குவாம் தீவின் தெற்குக் கரையில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் அவள் கையால் சாப்பிடாத வாய் கிடையாது, தெரு நாய்கள் உட்பட. யார் செத்தாலும் ஒன்பது நாள் ஜெபம். ஒன்பது நாளும் வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. யார் பிறந்தாலும் ஞானஸ்நான விருந்து. பையன் பள்ளிக்கூடத்தை எப்படியோ தாண்டிவிட்டால் அதற்கும் விருந்து. அத்தனைக்கும் அடுப்பு எரிவது திரினியின் கொல்லைப்புறத்தில்தான். தகரக் கூரைக்குக் கீழே, எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்கில் அறுத்துச் செய்த சுடும் அடுப்பு இரண்டு. ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற அலுமினிய அண்டாக்கள் நான்கு. இதுதான் அவளுடைய தொழிற்சாலை. ஐம்பத்தொரு வயதில் அவளுடைய முன்கைகளைப் பார்த்து ஊர் மல்லுக்கட்டுக்காரர்களே மரியாதையாக ஒதுங்குவார்கள்.

கூலி என்று யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பாள். உறைதான் வரும். உறைக்குள் இருபது டாலரும் இருக்கும், இருநூறும் இருக்கும். உறை கொடுக்க முடியாதவன் விடியற்காலையில் வாசலில் இரண்டு மீனை வைத்துவிட்டுப் போவான். ஈரப்பலா வரும், தேங்காய் வரும், பன்றிக்குட்டிகூட வரும். சென்ச்சுலே என்பார்கள் இதை. நாம் மொய் என்போமே, அதேதான். ஆனால் நம்மை மாதிரி கல்யாணத்தோடு நிற்கிற மொய் இல்லை. செத்தால், பிறந்தால், புயலில் கூரை பறந்தால், எல்லாவற்றுக்கும் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கும். யார் எதற்கு என்ன செய்தார்கள், நாம் என்ன திருப்பிச் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். திரினியின் நோட்டு அவள் அம்மா செத்த அன்று தொடங்குகிறது.

முதல் கணவன் கலிஃபோர்னியாவுக்கு வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன். அவன் வரவில்லை, விவாகரத்துத் தாள் தபாலில் வந்தது. அதன் பிறகு பதினெட்டு வருஷம் திரினி ஆண் வாடையே வேண்டாம் என்று இருந்தாள். அப்புறம்தான் டெல்ஃபின் வந்தான். பிலிப்பைன்ஸில் இலோய்லோக்காரன், வெல்டர், ராணுவத் தளக் கட்டட வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்தவன். தினம் மத்தியானம் அவளிடம் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவள் அடுப்பின் கால் ஒடிந்திருப்பதைப் பார்த்து, கேட்காமலே பற்றவைத்துக் கொடுத்தான். அடுத்த வாரம் இன்னொரு அடுப்புக்கு மூடி. அதற்கடுத்த வாரம் ஒடிவதற்கு வேறு எதுவும் இல்லாததால் சும்மா வந்து உட்கார்ந்தான். ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் கல்யாணம் முடிந்தது. கல்யாணம் முடிந்த மூன்றாம் வாரம் அவன் விமானம் ஏறி ஊருக்குப் போனான். இனி அவன் திரும்பி வர வேண்டுமென்றால் மனைவி என்ற முறையில் திரினி கூப்பிட வேண்டும். கூப்பிட்டாள். மனு ஏற்கப்பட்டது. அதோடு ஒரு படிவமும் வந்தது.

படிவம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்த ஆள் வந்தால் அரசாங்கத்திடம் கையேந்தாமல் உன்னால் இவனுக்குச் சோறு போட முடியுமா?

ஊருக்கே வாரத்துக்கு நான்கு நாள் சோறு போடுகிறவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி. திரினி வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே படிவத்தை எடுத்துக்கொண்டு கின்னிடம் போனாள்.

கின் என்கிற ஹோவாகின் அவள் சித்தி மகன். பகலில் கார் உதிரிபாகக் கடையில் வேலை. வரி கட்டும் பருவத்தில் மட்டும் தன் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் மேஜை போட்டு ஊருக்கெல்லாம் வரிக் கணக்கு எழுதித் தருவான். திரினிக்குப் பதினைந்து வருஷமாக எழுதுகிறான். அவள் வருமானத்தை இல்லாமல் ஆக்குவதில் அவனுக்கு ஒரு கலைஞனின் சந்தோஷம் உண்டு. சூறாவளியே வராத வருஷங்களிலும் திரினியின் குளிர்பெட்டி மட்டும் சூறாவளியில் நாசமானது. அவளுடைய பிக்கப் வண்டிக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு டயர் தேய்ந்தது. அவள் வளர்த்த இரண்டு சொறி நாய்கள் தொழில் பாதுகாப்புச் செலவு. "அக்கா, உன்னை எவ்வளவு ஏழையாக்கி வெச்சிருக்கேன் தெரியுமா? படிச்சுப் பாத்தா வரி ஆபீசர் அழுதுடுவான்" என்று ஒவ்வொரு வருஷமும் மார்தட்டுவான். திரினியும் ரசித்துச் சிரித்துவிட்டு ஒரு தட்டு விலா எலும்புக் கறி அனுப்புவாள். சும்மா சொல்லக்கூடாது, அந்தத் திருட்டில் அவளுக்கும் நல்ல பங்கு உண்டு.

கின் படிவத்தைப் படித்தான். பிறகு பழைய கணக்குகளை எடுத்துப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"அக்கா, போன வருஷம் உன் வருமானம் எவ்வளவுன்னு தெரியுமா?"

"நீதானடா எழுதுன. நீயே சொல்லு."

"நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு டாலர்."

"மாசத்துக்கா?"

"வருஷத்துக்கு."

"டேய், அந்தக் காசுல ஒரு பன்னிக்குத் தீவனம் போட முடியாதேடா."

"அதைத்தான் அவங்களும் கேப்பாங்க" என்றான் கின். "ரெண்டு பேர் குடும்பத்துக்கு இருபத்தஞ்சாயிரத்து ஐந்நூத்திச் சொச்சம் காட்டணுமாம்."

"அப்போ பழைய கணக்கைத் திருத்து."

"திருத்தலாம். வட்டி, அபராதம் எல்லாம் கட்டலாம். பதினஞ்சு குளிர்பெட்டி எந்தச் சூறாவளியில போச்சுன்னு கேப்பான். நீ பதில் சொல்றியா, நான் சொல்லவா?"

திரினியின் பின்னாலேயே வந்திருந்த சொறி நாய்களில் ஒன்று மேஜைக்குக் கீழே படுத்தது. தான் எவ்வளவு பெரிய செலவு என்று அதற்குத் தெரியாது.

கடைசியில் கின்தான் வழி சொன்னான். இந்த வருஷத்திலிருந்து எல்லாம் வெளிப்படை. ரொக்கமே வேண்டாம், எல்லோரும் காசோலையாகக் கொடுக்கட்டும். வங்கியில் ஏறும். வருஷக் கடைசியில் ஒரு சேதாரமும் இல்லாத சுத்தமான வரிக் கணக்கு. நீ எவ்வளவு பெரிய ஆள் என்று அந்தத் தாளே பேசும்.

திரினி ஊர் முழுக்கச் சொன்னாள். ஊரும் டெல்ஃபினுக்காகச் சரி என்றது. இருபது வருஷமாகக் காசோலைப் புத்தகத்தைத் தொடாதவர்கள்கூட அலமாரிக்கு அடியிலிருந்து தேடி எடுத்து எழுதினார்கள். அந்த ஆகஸ்டில் பெர்பெத்துவாவின் தாயார் தொண்ணூற்று நான்கு வயதில் போய்ச் சேர்ந்தார். பெர்பெத்துவா சாதாரண ஆள் இல்லை. ஊரில் எந்த இழவு வீட்டிலும் முன்னால் உட்கார்ந்து ஜெபம் நடத்துகிறவர். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்று, மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்குகிறவர். அவருக்குச் செய்ய வேண்டியது திரினியின் நோட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. திரினி ஒன்பது நாளும் சமைத்தாள். முந்நூறு பேர் வந்த நாளிலும் சோறு பற்றவில்லை என்று ஒருவர் சொல்லவில்லை. பத்தாம் நாள் பெர்பெத்துவா அவள் கையில் ஒரு உறையைத் திணித்தார். உள்ளே ஆயிரத்தெண்ணூறு டாலருக்குக் காசோலை.

வருஷம் முடிந்தது. எல்லாச் செலவும் போக முப்பத்தோராயிரம் டாலர். கின் கணக்கை அனுப்பிவிட்டு, முதல் முறையாக ஒரு உண்மையான தாளில் கையெழுத்துப் போட்ட களைப்பில் இரண்டு நாள் படுத்தே கிடந்தான். டெல்ஃபின் தினமும் தொலைபேசியில் "சாயம் போன பெட்டியை மாத்தி வேற பெட்டி வாங்கிட்டேன்" என்பான். "பெட்டி எதுக்கு, நீ வா" என்பாள் திரினி.

ஆனால் வந்தது கடிதம்தான். கின் அதை இரண்டு முறை படித்துவிட்டுத் தலையில் கை வைத்தான். ஒரே வருஷத்தில் வருமானம் ஏழு மடங்கு எகிறியது எப்படி என்று கேட்டிருந்தார்கள். வங்கியில் ஏறிய காசோலைகளின் நகலைப் பார்த்ததாகவும், அனேகமாக எல்லாவற்றிலும் 'எதற்காக' என்ற வரியில் அன்பளிப்பு என்று பொருள்படும் உள்ளூர்ச் சொல் எழுதியிருப்பதாகவும், உறவினர்கள் தரும் அன்பளிப்பு வருமானம் ஆகாது என்றும் எழுதியிருந்தார்கள். இது தொழில்தான் என்பதற்கு ரசீதோ வாடிக்கையாளர்களின் கடிதமோ வேண்டும்.

"என்னத்தடா எழுதியிருக்காங்க செக்குல?"

"சென்ச்சுலே. நூத்திப் பதினாறு செக். நூத்திப் பன்னெண்டுல சென்ச்சுலே."

"மிச்சம் நாலு?"

"மூணுல ஒண்ணும் எழுதல. ஒண்ணுல 'உன் கை நல்லாருக்கணும்'னு எழுதியிருக்கு."

வேறு என்னத்தை எழுதுவார்கள்? செத்துப்போன அப்பனின் ஜெபச் சோற்றுக்கு 'உணவுக்கான விலை' என்று எந்தப் பிள்ளை எழுதுவான்? திரினிக்கே தெரியும். அவளும் மற்றவர்களுக்கு அப்படித்தான் எழுதியிருப்பாள். ஆனாலும் ஆத்திரம் ஆத்திரம்தான்.

கின் ஒரே இரவில் படிவம் ஒன்று தயாரித்தான். சட்டப் புத்தக வாடை அடிக்க வேண்டும் என்று தன் சொந்த முயற்சியில் கடைசியில் ஒரு வாக்கியமும் சேர்த்தான். ஐம்பது நகல் எடுத்தார்கள். திரினி நல்ல சட்டை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

ஓய்வு பெற்ற போலீஸ்காரர் இக்னாசியோ படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "என் மக கல்யாணத்துக்குக் கோழி கெலாகுவென் எம் பொண்டாட்டி கையால செஞ்சதுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கா. இதுல கையெழுத்துப் போட்டா நான் எங்க படுக்கிறது?" பள்ளிப் பேருந்து ஓட்டும் ஹெசூஸ் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "அக்கா, நான் போன வருஷம் ஒம்பது தடவ மீன் கொண்டாந்து வெச்சேன். அதுக்கு இதுல எடமே காணோமே? மீனுக்கு ஒரு கட்டம் போட்டுக் கொண்டா, போடறேன்." பத்து வீட்டில் பத்துக் காரணம். எல்லோரும் காபி கொடுத்தார்கள். யாரும் கையெழுத்துப் போடவில்லை. படிவத்தை மட்டும், மனசு மாறினால் போடுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் வைத்துவிட்டு வந்தாள்.

கடைசியாகப் பெர்பெத்துவா வீடு. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார், ஜெபம் வாசிக்கிற அதே குரலில். "'மேற்படி திரினிடாட் நபுத்தியிடம் வாடிக்கையாளர் என்ற முறையில் உணவு வாங்கினேன். முழு விலையும் கொடுத்துவிட்டேன். எங்களுக்கிடையே வேறு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை.'" நிமிர்ந்து பார்த்தார். "வாடிக்கையாளரா? நானா?"

"சும்மா பேருக்குத்தான் அத்தை."

"எங்கம்மாவுக்கு ஒம்பது நாள் வந்து சமைச்சியேடி. அதை நான் கடையில வாங்குன மாதிரி கையெழுத்துப் போடணுமா? அவ எந்திரிச்சு வந்து என் கன்னத்துல அறைவா."

"ஆயிரத்தெண்ணூறு டாலர் செக் குடுத்தீங்களே அத்தை."

"குடுத்தேன். நீ செஞ்சது நீ செய்ய வேண்டிய முறை. நான் குடுத்தது நான் குடுக்க வேண்டிய முறை. இதுல வெலை எங்க வந்துச்சு?"

"வெலை வந்தாத்தான் அத்தை அவன் வருவான்."

பெர்பெத்துவா படிவத்தை மடியில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒம் புருஷன் வரணும், அவ்ளோதானே? ஜாமீனுக்கு இன்னொரு ஆள் கையெழுத்துப் போடலாமாமே, எங்க அக்கா மகனுக்கு அப்படித்தான் செஞ்சாங்க. எம் பென்ஷன் தாள் இருக்கு. நான் போடறேன். நாளைக்கே கின்னை வரச் சொல்லு" என்றார்.

அந்த இடத்தில் சரி அத்தை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்தது. டெல்ஃபின் ஈஸ்டருக்கு வந்திருப்பான். ஆனால் திரினிக்கு அன்று பத்து வீட்டுக் காபி தலைக்கு ஏறியிருந்தது.

"எம் புருஷனுக்கு நான் சோறு போடுவேன். நீங்க எதுக்குப் போடணும்? சம்பாதிச்சதைச் சம்பாதிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லிக் கேட்டு வந்தேன். பிச்ச கேட்டு வரல."

பெர்பெத்துவா கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து மூடினார். "பிச்சையா" என்றார். படிவத்தை மேஜை மேல் வைத்து, பறக்காமல் இருக்க அதன் மீது ஜெபமாலையை வைத்தார்.

மறுவாரம் திரினி வீட்டு வாசலில் ஒரு பலகை முளைத்தது. சிவப்புச் சோறு ஒரு பெரிய தட்டம் நாற்பத்தைந்து டாலர், கெலாகுவென் அறுபது, சுட்ட விலா எலும்பு எழுபது. கீழே தடித்த எழுத்தில்: ரசீது கட்டாயம். உறை வாங்கப்பட மாட்டாது. கின் எண் போட்ட ரசீதுப் புத்தகம் பத்து வாங்கி வந்திருந்தான். அவனுக்கு ஒரே கொண்டாட்டம்.

ஊர் இரண்டு வாரம் அந்தப் பலகையை வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு மே மாதம் வந்தது. பட்டமளிப்பு விருந்துகள். முந்நூறு பேருக்குச் சமைக்க வேறு ஆள் யார்? இக்னாசியோவின் மனைவி, மகள் கல்யாணத்துக்குத் தன் கையால் கெலாகுவென் செய்தவள், முதல் ஆளாக வந்து மூன்று தட்டம் சொன்னாள். ரசீதை வாங்கி, அது என்னவோ கடித்துவிடும் என்பதுபோல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனாள். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். ஜூலையில் ஊர்ப் புனிதரின் திருவிழா. ஒவ்வொரு வீடும் கதவைத் திறந்து போட்டு வருகிறவனுக்கெல்லாம் சோறு போட வேண்டிய நாள். அதற்கு மட்டும் எண்பத்தேழு ரசீது.

வேறு சில விஷயங்களும் நடந்தன. அவற்றுக்கு ரசீது இல்லை. முன்பெல்லாம் பெரிய சமையல் என்றால் பெண்கள் ஏழெட்டுப் பேர் தாமாக வந்து உட்கார்ந்து தேங்காய் துருவுவார்கள், ஊர் வம்பு அத்தனையும் அங்கேதான் வேகும். இப்போது ஒருத்தியும் வரவில்லை. தெருவில் பார்த்த ஒருத்தியைக் கூப்பிட்டபோது, "மணிக்கு எவ்வளவு குடுக்கிற?" என்று சிரிக்காமல் கேட்டாள். திரினி இரண்டு பேரைக் கூலிக்கு வைத்தாள். கின், "ஆள் கூலி! அசல் செலவு! அக்கா, இது தொழில்!" என்று குதித்தான். வாசலில் மீன் வருவது நின்றது. நாய்கள் மட்டும் பழைய பழக்கத்தில் விடியற்காலையில் போய் வாசல்படியை மோந்து பார்த்துவிட்டு வந்தன. அதைப் பார்க்கிறபோது திரினி எழுந்து உள்ளே போய்விடுவாள். டெல்ஃபின் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

ரசீதுகள் அரசாங்கத்துக்குப் போயின. அக்டோபரில் அனுமதி வந்துவிட்டது. கின்னின் கையில் இருந்த தாளில் இந்தப் பெண்ணால் இந்த ஆணுக்குச் சோறு போட முடியும் என்று அமெரிக்க அரசாங்கம் ஒருவழியாக ஒப்புக்கொண்டிருந்தது. டெல்ஃபின் தொலைபேசியில் அழுதான். திரினி, "அழுவாத, பெட்டிய கட்டு" என்றாள். அவளும் அழுதாள்.

அவன் வந்த மறு ஞாயிறு மத்தியானம் விருந்து. திரினி ஊர் முழுக்க ஆள் விட்டுச் சொன்னாள். வாசல் பலகையை அன்று கழற்றிக் கொல்லையில் சாத்தினாள். யாராவது வருவார்களா என்று பயந்துகொண்டே இருநூறு பேருக்குச் சமைத்தாள். வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள். இக்னாசியோ குடும்பம் வந்தது, ஹெசூஸ் வந்தான், தேங்காய் துருவ வராதவர்கள் எல்லோரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். பெர்பெத்துவா உணவின் முன் ஜெபம் சொன்னார், குறையே சொல்ல முடியாத ஜெபம். டெல்ஃபினின் கையைப் பிடித்து, "வந்துட்டியா, நல்லது" என்றார். இவர்களைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று திரினி கரண்டியைப் பிடித்தபடி மூக்கை உறிஞ்சினாள்.

சாப்பாடு முடிந்ததும் பெர்பெத்துவா கைப்பையில் இருந்து ஒரு உறையை எடுத்து அவள் கையில் வைத்தார். தடியான உறை. ஊரே சேர்ந்து போட்டது என்று பார்த்தாலே தெரிந்தது.

"எல்லார் வீட்டுதும் இருக்கு" என்றார் பெர்பெத்துவா.

"அத்தை, நான் அன்னிக்கி..."

"அதெல்லாம் எதுக்கு இப்போ? எண்ணிப் பாத்துக்க."

மொய் உறையைக் கொடுத்தவர் முன்னால் பிரிக்கிற வழக்கம் இல்லை. திரினி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இரண்டு கைகளாலும் பெர்பெத்துவாவின் கையைப் பிடித்துக் குனிந்து முகர்ந்தாள், பெரியவர்களுக்குச் செய்கிற முறைப்படி. பெர்பெத்துவா செய்ய விட்டார்.

மூன்று மணிக்குள் கூட்டம் கலைந்துவிட்டது. விருந்து வீட்டில் பெண்கள் பின்தங்கி அண்டா தேய்த்து, மிச்சத்தைப் பொட்டலம் கட்டி, பேசிச் சிரித்து இருட்டுகிற வரை போகமாட்டார்கள். அன்று ஒருத்தியும் பின்தங்கவில்லை. பார்த்தால் கொல்லையில் திரினி, டெல்ஃபின், கின், நான்கு அண்டா, இருநூறு பேர் தின்ற மிச்சம். நாற்காலிகளைக்கூட யாரோ நேராக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், வாடகை மண்டபத்தில் வைப்பதுபோல.

திரினி கையைத் துடைத்துக்கொண்டு உறையைப் பிரித்தாள். உள்ளே பணம் இல்லை. படிவங்கள். அவளே வீடு வீடாக வைத்துவிட்டு வந்த படிவங்கள், பற்றாததற்கு நகல் எடுத்துச் சேர்த்தவை. வாடிக்கையாளர் என்ற முறையில் உணவு வாங்கினேன். முழு விலையும் கொடுத்துவிட்டேன். எங்களுக்கிடையே வேறு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. எல்லாவற்றிலும் கையெழுத்து, தேதி. மேலே இருந்தது பெர்பெத்துவாவுடையது.

கின் பிடுங்கி எண்ணினான். "அறுவத்து மூணு! அக்கா, அறுவத்து மூணு பேரு! இது மட்டும் அப்பவே கெடச்சிருந்தா! பரவால்ல, மூணு வருஷத்துல இவருக்குக் குடியுரிமைப் பேப்பர் போடணும்ல, அப்போ உதவும். கோப்புல வெச்சுடறேன்."

டெல்ஃபின் ஒன்றை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். அவன் முகம் மலர்ந்தது. "நமக்காக எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்களே திரினி. ரொம்ப நல்லவங்க உங்க ஊர்க்காரங்க."

திரினி கையில் இருந்த உறையைக் கீழே வைத்தாள். உள்ளே போய்த் தன் நோட்டை எடுத்து வந்து முதல் பக்கத்தைப் பிரித்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய அவளுடைய எழுத்து. அம்மா செத்த வாரம். முதல் பெயர் பெர்பெத்துவா அத்தை. ஒரு பன்றி. ஒன்பது நாள் ஜெபம். ஒன்பது ராத்திரியும் என்கூடப் படுத்தார். அவ்வளவுதான் எழுதியிருந்தது. பக்கத்தில் தொகை எழுதுகிற இடம் காலியாக இருந்தது. பெர்பெத்துவாவின் அம்மாவுக்குச் சமைத்தபோது அதைத்தான் திருப்பிச் செய்துகொண்டிருந்தாள். அதைத்தான் பிறகு போய் விலைக்கு விற்றதாக எழுதிக் கேட்டாள். திரினிக்கு வெட்கமாக இருந்தது.

நோட்டைக் கின்னுக்கு முன்னால் தள்ளினாள். அவள் விரல் அந்தக் காலி இடத்தின் மேல் இருந்தது.

"இதுக்கு எவ்ளோடா போடுவ?"

கின் குனிந்து வாசித்தான். சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான்.

"இதுக்கு ரசீது ஏதாச்சும் இருக்காக்கா?" என்றான்.